எந்த மானஸ்?

அவன் பெயரை நான் முதலில் கேட்டது என் அம்மாவின் வாயிலிருந்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, கோயிலில். எனக்கு அப்போது ஒன்பது வயது. மானஸ் என்ற பெயரை அதற்கு முன்னால் கேட்காதவள் இல்லை. டப்ளினிலிருந்து வெகுதூரம் தள்ளிக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் ட்ரம்பானில் கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் ஒரு மானஸ் கேலகர் தலையில்தான் விழும். நான் சொல்வது இந்த மானஸின் பெயரை.

ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையை என் அம்மாதான் கையில் வைத்திருந்தாள், ஞானத்தாய் என்ற முறையில். பக்கத்தில் பெற்றவளின் அண்ணன் கோண்டி. பெற்றவள் ரோஷா வீட்டில் கிடந்தாள். கல்யாணம் ஆகாதவள். அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்களைக் கன்னியர் நடத்தும் விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள், குழந்தை ஒரு பக்கம் போகும், தாய் ஒரு பக்கம் போவாள். ரோஷாவை அழைத்துப்போக வண்டி வந்தபோது கோண்டி படகுத் துடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். வண்டி திரும்பிப் போய்விட்டது.

சாமியார் முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு கேட்டார். "பிள்ளைக்கு என்ன பேரு?"

"மானஸ், சாமி," என்றாள் அம்மா.

"பேட்ரிக்னு வச்சிரலாமே. அந்தப் புனிதரோட திருநாள் வேற வருது."

"பெத்தவ சொல்லி அனுப்பின பேரு அது சாமி. நான் மாத்துறதுக்கு இல்ல."

பின்பெஞ்சில் யாரோ செபமாலையைக் கீழே போட்டார்கள். அந்தச் சத்தம் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. ஏனென்றால் எங்கள் பக்கத்தில் தலைச்சன் ஆண்பிள்ளைக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயரைத்தான் வைப்போம். தகப்பன் யாரென்று ரோஷா வீட்டில் கூடச் சொல்லவில்லை. அண்ணன் கேட்டும் சொல்லவில்லை, சாமியார் மிரட்டியும் சொல்லவில்லை. பெயரை வைத்தாள், அவ்வளவுதான். ஊரிலிருந்த மானஸ்களில் பேரப்பிள்ளைக்குப் பெயர் கொடுக்கிற வயதில், ஸ்காட்லாந்துக்கு உருளைக்கிழங்கு தோண்டப் போய்த் திரும்பாத மகனும் உள்ளவர் ஒருவர்தான். ஆலைவீட்டுப் பெரிய மானஸ். மகன் பெயர் ஃபெலிம்.

பெரிய மானஸ் அப்போது கதவோரத்தில் தீர்த்தத் தொட்டிக்குள் விரலை விட்டிருந்தார். விரலை எடுத்தார், கோட்டில் துடைத்தார், சிலுவை போடாமலே வெளியே போனார். அவருடைய மகள் நாப்ளா, கல்யாணமாகாமல் அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தவள், தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனாள்.

எங்கள் ஊரில் பேரும் குடும்பப் பேரும் எல்லோருக்கும் ஒன்றே என்பதால் ஆளுக்கு ஒரு வால் உண்டு. அப்பா பெயர், அதற்கப்புறம் தாத்தா பெயர். பிடில் மானஸ் இருந்தான், அவன் வாசிப்பதைப் பதிவுசெய்ய டப்ளினிலிருந்து ஆட்கள் மோட்டாரில் வந்தார்கள். ஆப்பிரிக்காவில் கோயில் கட்டின ஃபாதர் மானஸ், புயலில் நாலு மாட்டைத் தீவிலிருந்து நீந்த வைத்துக் கொண்டுவந்த மானஸ் டோனல், சுரங்கம் வெட்டுகிற இடத்தில் நூறு பேருக்கு மேஸ்திரியான மானஸ் மிக்கி. பத்திரிகையில் பெயர் வந்தவர்கள். இவன் மானஸ் ரோஷா. அம்மா பெயர் வாலாக இருப்பதில் கேவலம் ஒன்றும் இல்லை, விதவை மகன்கள் பாதிப்பேருக்கு அப்படித்தான். ஆனால் அவன் விதவை மகன் இல்லை என்று அவனுக்குத் தெரியும்.

எட்டு வயதிலிருந்து ஓட்ஸ் மூட்டையை அவன்தான் ஆலைக்குக் கொண்டுபோவான். பெரிய மானஸ் அரைத்துக் கொடுப்பார். "பையா, பிடி," என்பார். பெயர் சொல்லமாட்டார். தன் பெயரையே வாயால் சொல்லிக் கூப்பிட வேண்டியிருக்கும் அல்லவா. ஆனால் அரைப்பவன் எடுத்துக்கொள்ளும் பங்கு மாவை அந்த மூட்டையிலிருந்து மட்டும் அவர் எடுத்ததில்லை. சொந்த வீட்டு மூட்டையில் யாரும் பங்கு எடுப்பதில்லை.

ரோஷா மூட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு கிண்ணம் மாவை அளந்து அவனிடம் நீட்டினாள்.

"கொண்டுபோய்க் குடுத்துட்டு வா."

"அவருதாம்மா எடுக்கல."

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லட்டும், அப்ப வச்சிக்கிறேன். ஊமையா குடுக்கிறது எனக்கு வேணாம்."

அவன் கொண்டுபோவான். நாப்ளா வாசலில் வாங்கிக் கோழிகளுக்கு முன்னால் கொட்டுவாள். நல்ல மாவு. நான் பார்த்திருக்கிறேன். வருஷக்கணக்கில் அந்தக் கோழிகள் கொழுத்தன.

நவம்பரில் ஸ்காட்லாந்துக்கு வேலைக்குப் போன ஆட்கள் திரும்புவார்கள். பஸ் பாலத்தடியில் நிற்கும். பிள்ளைகள் எல்லாம் அப்பாமார் கொண்டுவரும் மிட்டாய்க்காக ஓடும். இவன் ஓடமாட்டான், பாலத்துச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்ப்பான். அவனுக்கு மோவாயில் ஒரு குழி உண்டு, ரோஷா வீட்டில் யாருக்கும் கிடையாது. அந்தக் குழியைத்தான் தேடினான். கடைசி ஆள் இறங்கி, டிரைவர் கதவைச் சாத்தின பிறகுதான் சுவரிலிருந்து குதிப்பான்.

"என்னடா, யாருக்காக உக்காந்திருக்க?" என்று ஒருமுறை நான் வாயை விட்டுவிட்டேன்.

"பஸ் பாக்கப் பிடிக்கும் அக்கா," என்றான்.

மீசை முளைத்ததும் அவனும் போனான். கிழங்குக்கு ரெண்டு பருவம், அப்புறம் கிளாஸ்கோவில் கட்டட வேலை. எங்கள் ஊர்க்காரர்கள் குடிக்கும் கடை ஒவ்வொன்றிலும் ஆலை ஃபெலிமைக் கேட்டிருக்கிறான். ஒரு கிழவன், "மோவாயில குழி உள்ள ஆளா? போன வருஷம் வரைக்கும் இங்கதான் தங்கியிருந்தான். பாட்டு நல்லாப் பாடுவான்," என்று சொன்னானாம். அந்த ஒரு வருஷம் பிந்திப் போனதை அவன் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ரோஷாவுக்கு நெஞ்சு சரியில்லை என்று ஆள் சொல்லி அனுப்பினோம், வந்துவிட்டான். கோண்டியின் படகில் நண்டுக்கூடை இறக்கினான், மற்ற நாளில் பிறர் வீட்டுச் சுவர் கட்டினான். பெண் பார்க்கிறேன் என்று சொன்னவர்களிடம், "என்ன பேர் சொல்லிக் கூட்டிட்டு வர்றது?" என்று சிரித்தான்.

அவனுக்கு முப்பது வயதாகும்போது பெரிய மானஸ் படுத்தார், ஒரு பிப்ரவரியில் போய்ச் சேர்ந்தார். ஆலைவீட்டில் ஊரே கூடியது. ரோஷாவும் வந்தாள், அந்தப் படியை அவள் மிதித்தது முப்பது வருஷத்துக்கு அப்புறம். ஒருத்தி எழுந்து அவளுக்கு நாற்காலி கொடுத்தாள்.

எங்கள் பக்கத்தில் சவப்பெட்டியை வீட்டுக் கதவிலிருந்து ரோடு வரைக்கும் தூக்குகிற முதல் தோள் நாலு பேருக்குத்தான். வீட்டு ஆட்களுக்கு. அதற்கப்புறம் ஊரில் யார் வேண்டுமானாலும் மாற்றி மாற்றிப் பிடிக்கலாம். வீட்டில் மூத்தது யாரோ அவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாப்ளா வாசற்படியில் நின்று தம்பி முறையான மூன்று பேரைக் கூப்பிட்டாள். நாலாவது இடம் ஃபெலிமுடையது. ஸ்காட்லாந்துக்குத் தகவல் போயிருந்தது, கடைசியாக அவனைப் பார்த்த ஊருக்கு. காலை பஸ்ஸுக்காகச் சாமியாரையே காக்க வைத்திருந்தாள்.

பஸ் வந்தது. பாலத்தடியில் ஒரு கிழவி கோழிக்கூடையோடு இறங்கினாள். மானஸ் ரோஷா தொழுவத்துச் சுவரோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் பார்வையும் பாலத்தில்தான் இருந்தது. பஸ் நகர்ந்த பிறகுதான் தலையைக் குனிந்தான்.

பெட்டிக்காரர் டவுனிலிருந்து வந்தவர், குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தார். "ஒரு ஆள்தானே கொறையுது, யாராச்சும் பிடிங்கப்பா," என்றார். ஊர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நாப்ளா கூப்பிட்டாள். "மானஸ்!"

வால் இல்லாமல். வெறும் மானஸ். எங்கள் ஊரில் யாரும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். முற்றத்தில் ஆறு ஏழு தலை நிமிர்ந்தது. பிடில் மானஸ் இரண்டு எட்டு முன்னால் வந்துவிட்டான்.

"நீ எதுக்கு வர்ற? பெட்டியத் தூக்கவா, பிடில் வாசிக்கவா?" என்றாள் நாப்ளா.

"எந்த மானஸ்னு சொல்லு நாப்ளா. இங்க ஒரு மந்தையே நிக்குது."

மானஸ் ரோஷா என்று சொன்னால் அவன் ஊர்க்காரன், ரோடு வந்த பிறகு அவன் முறை. மானஸ் ஃபெலிம் என்று சொல்ல வருஷக்கணக்கில் கோழிக்கு மாவு கொட்டின கை விடவில்லை. சாமியார் புத்தகத்தை மூடினார். மழை பிடிக்கத் தொடங்கியது.

"எங்க வீட்டு மானஸ்," என்றாள்.

சின்னக் குரலில்தான் சொன்னாள். பிடில் மானஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பின்னால் போனான். யாரும் எந்த மானஸ் என்று மறுபடி கேட்கவில்லை. மானஸ் ரோஷா மட்டும் சுவரோடு ஒட்டி நின்றான், காது கேட்காதவன் மாதிரி.

உள்ளேயிருந்து ரோஷா குரல் கொடுத்தாள். "கூப்பிடுறாங்கல்லடா. போயித் தோள் குடு."

போனான். மற்ற மூவரும் குட்டை, இவன் ஃபெலிமைப் போல நெட்டை. பெட்டி சாயாமல் இருக்க ரோடு வரைக்கும் முழங்காலை மடித்தே நடந்தான். ரோட்டில் ஆள் மாறும்போது பிடில் மானஸ் வந்து, "குடுடா, என் முறை," என்று கையை நீட்டினான். அவன் விடவில்லை. கல்லறை வாசல்வரை அவனே தூக்கினான்.

அதற்கப்புறம் ஊர் அவனை மானஸ் ஃபெலிம் என்று கூப்பிட்டதா என்றால், இல்லை. நாக்கு பழகினது பழகினதுதான், நானும் மானஸ் ரோஷா என்றுதான் சொல்கிறேன். ஆனால் அந்த வருஷத்து ஓட்ஸை நாப்ளாவே அரைத்துக் கொண்டுவந்து இறக்கினாள். மூட்டை முழுசாக இருந்தது. ரோஷா தூக்கிப் பார்த்தாள், கிண்ணத்தை எடுக்கவில்லை. ரோஷா போய்ச் சேர்ந்த பிறகு நாப்ளா அவனை ஆலைவீட்டுக்கே வரச் சொல்லிவிட்டாள். அத்தையும் மருமகனும் பத்துப் பன்னிரண்டு வருஷம் சண்டை போட்டுக்கொண்டே அங்கே இருந்தார்கள்.

"உங்கப்பனும் இப்படித்தான், டீய ஆறவிட்டுக் குடிப்பான்," என்பாளாம். அந்த மாதிரி ஒரு வார்த்தை கிடைக்கும் என்பதற்காகவே தேநீரை ஆறவிடுவேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறான்.

ஃபெலிம் வரவேயில்லை. எங்கே இறந்தான், எங்கே புதைத்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. இருந்தால் நூறு வயது தாண்டியிருக்கும், அது மானஸுக்கும் தெரியும்.

மானஸுக்கு இப்போது எண்பது. ஆலைவீட்டில் தனியாக இருக்கிறான், சமையலறையில், பாலம் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில்.