தடசுக் கட்டையில் ஒரு வில்

நாகலாபுரத்தில் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் ஒரு தடசுக் கட்டை கிடந்தது. லேசில் முறியாத மரம். மண்வெட்டிக் காம்புக்காக அண்ணன் வாங்கிப் போட்டது. அதில் வில் செய்யப் போகிறேன் என்றதும் சிரித்தான்.

"வாரம் பூரா கம்பெனில அளவு பாத்துக்கினு கீறியே, அது போதலையா?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுண்ணா. வில்லு வரலைன்னா நீயே காம்பு போட்டுக்கோ."

"ஒடைச்சிட்டுக் குடுத்தா நான் இன்னாத்த போடறது? ஒடையறதுக்கு முன்னாடி குடுத்துடணும்."

நியாயமான பேச்சுதான். ஒப்புக்கொண்டேன்.

வில் செய்வது பற்றிப் படித்து, போனில் மூன்று விதிகளைக் குறித்துக்கொண்டேன். வில்லில் நமக்கு எதிர்ப்புறம் பார்க்கும் முகத்தில் அரம் படக்கூடாது. வளைக்கும்போது இழுபடுவது அந்தப் பக்கம்தான், அங்கே ஒரு நார் அறுந்தாலும் வில் பிளக்கும். நம்மைப் பார்க்கும் முகத்தில் மட்டும், கொஞ்சங்கொஞ்சமாக எடுக்க வேண்டும். எடுத்த பிறகு வளைத்துப் பார்க்காமல் மறுபடி எடுக்கக்கூடாது.

திருப்பதியில் வேலைக்காக நான் தங்கியிருக்கும் விடுதிக்குப் பக்கத்துக் கடையிலேயே அரமும் உப்புத்தாளும் வாங்கி வந்திருந்தேன். முதல் சனி, ஞாயிறு இழைப்பதிலேயே போயின. அம்மா மரத்தூளைப் பெருக்கிக்கொண்டே, "செவப்பா கீதே, செம்மரம்னு யாராவது பாரஸ்ட்காரங்களுக்குப் போன் பண்ணிடப் போறாங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம், நடுவிலிருந்து இருபுறமும் நீளும் வில்லின் இரு கைகளையும் வெர்னியர் அளவுகோலால் அளந்தேன். நுனிவரை இரண்டும் ஒரே கனம். திருப்தியோடு நாண் ஏற்றி, வில்லின் நடுவைச் சுவரில் பொருத்தி, நாணில் கயிறு கட்டி, கீழே இருந்த கப்பி வழியாக மெதுவாக இழுத்தேன்.

வில்லின் வலது கை வளைந்தது. இடது கை ஒரு மரக்கணுவுக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றது.

மறுபடி அளந்தேன். அளவில் தவறில்லை. கம்பெனியாக இருந்தால் இந்த இடத்தில் அளவு சரி என்று முத்திரை குத்தி அனுப்பியிருப்பேன். இங்கே பாரம் முழுவதும் வலது கையில் விழுந்தது. இன்னும் இழுத்தால் அதுதான் முறியும்.

அண்ணன் வாசலில் ரம்பத்தோடு வந்து நின்றான். "இன்னா, எடுத்துக்கட்டா?"

"நில்லுண்ணா."

இடது கையை இழைத்தால் வளைவு சரியாகும். ஆனால் வில்லின் பலம் குறையும். பலகையில் அம்பு தைத்து நிற்கவேண்டும் என்பது என் ஆசை. அதை விட்டுவிட்டேன். வெர்னியரைப் பெட்டிக்குள் வைத்து, விறைத்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அரத்தை எடுத்தேன். கொஞ்சம் எடுப்பேன், இழுப்பேன், தள்ளி நின்று பார்ப்பேன். அண்ணன் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டான். அவன் இழுக்க, நான் பார்த்தேன்.

வெயில் இறங்கும்போது இரண்டு கைகளும் ஒன்றுபோல் வளைந்தன.

"இப்போ ரெண்டும் ஒரே கனமா இல்லியே?"

"இல்ல. ஆனா ஒண்ணா வளையுது, பாரு."

வைக்கோல் அடைத்த சாக்கைக் கொட்டகைச் சுவரில் சாய்த்து, சீவி வைத்திருந்த அம்புகளில் முதல் அம்பை விட்டேன். சாக்கின் ஓரத்தில் குத்தி நின்றது. அண்ணன் வில்லைப் பிடுங்கி வெறும் நாணை இழுத்தான்.

"அம்பு இல்லாம உடாதே! ஒடஞ்சிடும்!"

நாணை மெல்லத் தளர்த்தினான். "அப்ப அம்பு குடு."

அவன் விட்டது சாக்குக்கு மேலே கூரையில் செருகிக்கொண்டது. அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்: "மம்பட்டிக்குக் காம்பு இன்னா ஆச்சிடா?"

"புத்தூர்ல வாங்கிக்கலாம்மா," என்றான், அடுத்த அம்புக்குக் கையை நீட்டிக்கொண்டே.