யாசுமே

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட்டபோது, நானும் கந்தர்வக்கோட்டை கருப்பையாவும் ஒரே கம்பில் மண்மூட்டை சுமந்தோம். சிப்பாய் ‘யாசுமே’ என்று சொன்னால்தான் இளைப்பாறலாம். அதற்கு முன் ஒருவன் உட்கார்ந்தாலும் இருவருக்கும் அடி.

அன்று கருப்பையாவுக்குக் காய்ச்சல். “மாப்ளே, கொஞ்ச நேரம் ஒக்காந்துக்கிறேன்” என்றான்.

“அவன் சொல்லட்டும். ஒன்னால நானும் அடி வாங்கணுமா?” என்றேன்.

“ஒன் முதுகு என்ன பட்டுத்துணியா?” என்று சிரித்தபடி தூக்கினான். பத்தடி போவதற்குள் விழுந்தான். உயிர் போய்விட்டது.

சிப்பாய் வந்து பார்த்தான். தொப்பியைக் கழற்றி, அவனிடம் மெதுவாக ‘யாசுமே’ என்றான். செத்தவர்களுக்கும் அந்த வார்த்தைதானாம்.

இப்போது என் கடலைக் கொல்லையில் யாராவது களைத்து உட்கார்ந்தால், நான் எழுப்புவதில்லை. அன்றைக்கு ஒரு அடி வாங்கியிருக்கலாம்.