மூன்று முறை மெழுகிய களம்

ஏற்றுமதியை வளர்ப்பதுதான் என் உத்தியோகம். சர்க்கார் அடித்துக் கொடுத்த கார்டில் அப்படித்தான் போட்டிருந்தது. முப்பது வருடச் சர்வீஸில் எதை வளர்த்தேன் என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கெடுத்தது எது என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம்.

காப்பியை விளைவித்தவரே யாருக்கு வேண்டுமானாலும் விற்றுக்கொள்ளலாம் என்று சட்டம் தளர்ந்திருந்த சமயம். பெரிய எஸ்டேட்காரர்களுக்கு எங்கள் தயவு தேவைப்படவில்லை. எங்கள் மேலிடத்துக்கோ, ஒரு சிறு விவசாயியாவது கப்பலில் சரக்கு ஏற்றினார் என்று ஆண்டறிக்கையில் ஒரு பத்தி எழுதியாக வேண்டும். அந்தப் பத்திக்காகத்தான் என்னைச் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு அனுப்பினார்கள்.

கரடியூருக்குக் கீழே ஒரு சிற்றூரில் ஒருவர் அகப்பட்டார். ஐம்பது வயதிருக்கும். மேட்டில் சாமை, பள்ளத்தில் ஆரஞ்சு மரங்களின் நிழலில் காப்பி. அந்த ஊர்க் காப்பி முழுவதும் காலங்காலமாக ஏற்காட்டில் ஒரே வியாபாரிக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. விலையை அடித்துத்தான் வாங்குவார். ஆனால் ஆடி, ஆவணி மழையில் வேலையில்லாத நாட்களுக்கு அரிசி கொடுப்பவரும் அவர்தான். “இந்த வருஷம் அவருக்குக் கொடுக்காதீங்க” என்றேன் நான். இவர் நம்பினார். அதோடு நிற்காமல் இன்னும் பதினொரு குடும்பங்களை நம்ப வைத்தார்.

முதலில் மாதிரி. அவர் தோட்டத்துப் பழம் கொஞ்சம் வாங்கி வந்து, தோலெடுத்துக் கழுவி, ஏற்காட்டில் நான் தங்கியிருந்த விடுதியின் மொட்டைமாடியில் கம்பிவலைத் தட்டில் நானே உலர்த்தி அனுப்பினேன். கடல் கடந்த ஒரு கம்பெனி அதை வறுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, இதே தரத்தில் அனுப்பினால் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறோம் என்று எழுதியது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஊரைக் கூட்டிச் சொன்னேன். “சுத்தம்தான் முக்கியம். ஒரு பொட்டு மண் ஒட்டக் கூடாது.” சுத்தம் என்றால் எது என்று சொல்லவில்லை. என் பையில் இருந்த கையேட்டில் அது தெளிவாக இருந்தது. சாணம் மெழுகிய தரையில் காப்பியைக் காயப்போடக் கூடாது, தோலெடுத்த ஈரக் கொட்டை பக்கத்தில் இருக்கும் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். அதைப் படித்துப் பரீட்சை எழுதித்தான் இந்த உத்தியோகத்துக்கே வந்தேன்.

பத்து நாள் கழித்துப் போனபோது களம் பச்சைப் பசேலென்று இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். பெண்களின் விரல் தடம் வளைவு வளைவாகக் காய்ந்திருந்தது.

“சேர்வராயனுக்குப் படைக்கிற சாமைக்கே ஒருக்காதானுங்க மெழுகுவோம். இதுக்கு மூணுக்கா மெழுகியிருக்குதுங்க” என்றார் அவர். “மண்ணு எங்கீங்க ஒட்டப் போவுது?”

நானும் களத்துமேட்டில் வளர்ந்தவன்தான். ஆத்தூர்ப் பக்கம். அந்த வாசனை என் மூக்குக்கு ஒரு வாசனையாகவே படவில்லை. எனக்கும் அதுதான் சுத்தம். “நொம்ப நல்லா இருக்குதுங்க” என்றேன். நான் வாயார மெச்சிய இன்னொரு காரியம் அந்த மலையில் கிடையாது.

மூட்டைகள் துறைமுகக் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. கப்பலேறுமுன் அவற்றிலிருந்து எடுத்த மாதிரியைக் குடித்துப் பார்த்தவர்கள் ஒரே வரியில் பதில் அனுப்பினார்கள். மாட்டுத் தொழுவ வாடை அடிக்கிறது, வேண்டாம். மூட்டைகள் மலையேறித் திரும்பி வந்தன. வியாபாரியும் தொடமாட்டேன் என்றுவிட்டார். அவருக்கு வாடை ஒரு சாக்குதான், கோபம் வேறு. அந்த மழைக்கு ஊரில் யாருக்கும் அவர் அரிசி கொடுக்கவில்லை. மூன்று குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வாழவந்திப் பக்கம் எஸ்டேட் கூலிக்குப் போயின. மீதிப்பேர், தங்களை நம்ப வைத்த இவரோடு பேசுவதை நிறுத்தினார்கள்.

விசாரணைக்குச் சென்னையிலிருந்து என் மேலதிகாரி வந்தார். விடுதியின் முன்னறையில் அவர் உட்கார்ந்திருக்க, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். விவசாயி எதிரே நின்றார்.

“சாணி மெழுகினது இவருக்குத் தெரியுமா?” என்று என்னைக் காட்டிக் கேட்டார் அதிகாரி.

விவசாயி என்னைப் பார்க்கவே இல்லை. “தெரியாதுங்க. சார் வேண்டாமுன்னுதானுங்க சொன்னாரு. நாங்கதான் கேக்காம மெழுகிப்போட்டோம்.”

ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. வரவில்லை என்பதுகூடப் பொய், வரவிடவில்லை.

வெளியே வந்ததும் பஸ் நிற்கும் இடம்வரை அவர் பின்னாலேயே போனேன். “எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?”

“உங்க வேலைக்கு ஒண்ணு ஆயிட்டா எங்களுக்கு வேற யாருங்க இருக்கறாங்க? அடுத்த வருசம் சரியாப் பண்ணிப்போடலாமுங்க, சார்.”

அன்று மாலையே அறிக்கையை எழுதினேன். ‘விவசாயிகள் தொழில்நுட்ப அறிவுரையைப் பின்பற்றவில்லை.’ கையெழுத்து என்னுடையது. இந்த ஒரு வரியைக் காரணம் காட்டி அந்த ஊரைத் திட்டத்திலிருந்தே நீக்கினார்கள். எனக்குப் பதவி உயர்வு வந்தது. டெல்லிக்குப் போய்விட்டேன். போகும் முன் மலைக்கு ஒருமுறை போய்வந்திருக்கலாம். வெட்கமாக இருந்தது என்று இப்போது சொல்கிறேன். அப்போது நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில், சேலம் ஆபீஸ் முகவரிக்கு வந்த ஒரு இன்லண்ட் கடிதம் திருப்பி அனுப்பப்பட்டு என் மேஜைக்கு வந்தது.

‘சார், உழவு மாடு ரெண்டையும் வித்துப்போட்டு சிமெண்டுக் களம் போட்டாச்சுங்க. இனிமேட்டு சாணி வாசம் வராதுங்க. பழம் செவக்க ஆரம்பிச்சிருச்சு. போன வருசம் வந்தவங்க யாரும் இந்தத் தடவ வரலீங்க. நான் மட்டுந்தான். நீங்க என்னிக்கு வர்றீங்கன்னு ஒரு வரி எழுதிப்போட்டா அன்னிக்குப் பழம் எடுக்கறனுங்க.’

நான் எழுதவில்லை.