பத்துக் கட்டங்கள்

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் மயக்கம்மா. மயக்க மருந்து டாக்டர் என்பதால் பாதி, அவர் வகுப்பில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள் என்பதால் மீதி. இருபத்திரண்டு வருடத்தில் கல்லூரி தனக்குக் கொடுத்த ஒரே பட்டம் அது என்று கணவரிடம் சொல்வார். "நல்லவேளை, என்னை அவங்களுக்குத் தெரியாது. எனக்கும் ஒண்ணு வச்சிருப்பாங்க" என்பார் கணவர்.

கடைத்தெருவில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியாது. மயங்குவதற்கு முன் நோயாளி கடைசியாகப் பார்ப்பது அவர் முகத்தைத்தான். அதுவும் தலைகீழாக, பாதி மூடியபடி. பிழைத்தவர்கள் சர்ஜனைத் தேடிப் போய்க் கையைப் பிடித்துக்கொள்வார்கள்.

மாணவர்களுக்கு அவர் பிரிவில் முன்பு இரண்டு வாரம் இருந்தது. தேய்ந்து தேய்ந்து மூன்று நாளாகிவிட்டது. அந்த மூன்று நாளில் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. மூச்சு நின்றவருக்கு முகமூடியை வைத்து, காற்றுப்பையை அமுக்கி மூச்சுக் கொடுக்கத் தெரிய வேண்டும். அதற்கு ஒவ்வொரு மாணவர் பதிவேட்டிலும் பத்துக் கட்டங்கள். ஒரு நோயாளிக்கு ஒரு கட்டம். நெஞ்சு ஏறுவதைக் கண்ணால் பார்த்தால்தான் கையெழுத்து.

நான்கு வருடத்துக்கு முன்பு வரை அவரும் பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தவர்தான். ஒரு நாள் பழைய மாணவன் ஒருவன் வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவன் வேலை பார்த்த சின்ன ஆஸ்பத்திரிக்கு வலிப்போடு ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்தாறு வயது. மூச்சு நின்றது. காற்றுப்பை பக்கத்துச் சுவரிலேயே தொங்கியது. எடுத்து வைத்தான். முகமூடியை அழுத்த அழுத்தத் தாடை உள்ளே போய்த் தொண்டை அடைத்துக்கொண்டது. கடைசிவரை காற்று இறங்கவேயில்லை.

"என் புக்ல பத்தும் போட்டிருக்கீங்க மேடம்" என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை. வழி தெரியாமல் விசாரிப்பவனின் குரல்.

அன்றிலிருந்து பார்க்காமல் போடுவதை நிறுத்தினார். நிறைய பேர் கட்டங்களைக் காலியாகவே வைத்துக்கொண்டு அலைந்தார்கள்.

இந்த வருடம் ஒருத்தி மட்டும் விடாமல் வந்தாள். ஆபரேஷன் மேசை எட்டாத உயரம். நர்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள், அதுவே அவள் பெயராகிவிட்டது. மூன்று நாள் முடிந்த பிறகும் காலை ஏழு மணிக்கு முதல் நோயாளிக்கு வந்துவிடுவாள்.

"கை வலிக்குது மேடம்."

"அமுக்கற, அதான் வலிக்குது. முகமூடிய முகத்துக்குக் கொண்டு போகாத. முகத்த முகமூடிக்குக் கொண்டு வா. தாடையத் தூக்கு."

நெஞ்சு ஏறியது. "ஏறுது மேடம்!" என்று கத்தினாள்.

"மெதுவாம்மா, அவரு எழுந்துடப் போறாரு" என்றாள் நர்ஸ்.

கையைக் கழுவிக்கொண்டு வந்த சர்ஜன் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னைக்கு ஏழு கேஸ் மேடம். பள்ளிக்கூடத்த சாயங்காலம் வச்சுக்கக் கூடாதா?"

"சாயங்காலம் மயங்கறதுக்கு ஆள் வேணுமே சார்."

"என் மச்சானை அனுப்பறேன். அவன் எந்நேரமும் அப்படித்தான் கிடக்கறான்."

எல்லோரும் சிரித்தார்கள். மயக்கம்மாவும் சிரித்தார். முக்காலிக்கு ஏழாவது கட்டம் நிரம்பியது.

அந்த வாரமே கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். பதிவேடு முடியாமல் பரீட்சைக்கு அனுப்ப முடியாது. எண்பது பேர்.

"உங்க ஒருத்தரால எல்லாம் நிக்குது."

"ஒருத்தியத் தவிர யார் கையிலயும் ஒரு நெஞ்சுகூட ஏறல சார்."

"நான் படிக்கறப்ப யார் தாடையப் புடிச்சேன்? டாக்டர் ஆகலையா?"

முதல்வர் காலண்டரைப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டுடுங்க. இல்லேன்னா அந்த மூணு நாள் எதுக்கு? ஒரு மணி நேர லெக்சரா மாத்திட்டாப் போச்சு."

மூன்று நாள் போனால் முக்காலி போல ஒருத்திகூட வரமாட்டாள். மாடிப்படி இறங்கும்வரை அதையே யோசித்தார். வெள்ளிக்கிழமை மதியம் எண்பது பதிவேடுகளும் மேசைக்கு வந்தன. ஐந்தாறு போட்டதும் பெயரைப் பார்ப்பதை விட்டுவிட்டார். எழுநூற்றுச் சொச்சம் கையெழுத்து. கடைசியில் கோடு மாதிரி ஆகிவிட்டது.

வீட்டில் விரலை நீவிக்கொண்டிருந்தபோது, "என்ன, கைக்கு?" என்றார் கணவர்.

"எழுதினேன்."

மறுநாள் முக்காலி பதிவேட்டை நீட்டினாள். "மேடம், எனக்கு ஏழுதான் ஆச்சு. பத்தும் போட்டிருக்கீங்க."

அவர் அந்தப் பக்கத்தைப் பார்த்தார். மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. "தெரியும். மிச்சம் மூணுக்கும் வா. திங்கக்கிழமை."

"கண்டிப்பா வர்றேன் மேடம்."

திங்கட்கிழமை ஏழு மணிக்கு மேசையின் தலைமாட்டில் முக்காலியை அவரே இழுத்துப் போட்டார். ஏழே கால் ஆனது.

"பரீட்சை வருதில்ல மேடம், படிக்கும்" என்றாள் நர்ஸ். முக்காலியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

வாசலில் சர்ஜனின் செருப்புச் சத்தம் கேட்டது. மயக்கம்மா முகமூடியைக் கையில் எடுத்தார். படுத்திருந்தவர் கண்ணை மேலே சுழற்றி அவரைப் பார்த்தார்.

"டாக்டர் எப்பம்மா வருவாரு?"

"வந்துட்டாரு" என்று சொல்லி, மயக்கம்மா அவர் தாடையைத் தூக்கினார்.