கடைசிப் பெயர் கட்டாயமில்லை

ஒரு நாட்டுக் கம்ப்யூட்டர் அனுப்பும் பில் இன்னொரு நாட்டுக் கம்ப்யூட்டருக்குப் புரிய வேண்டுமே, அதற்கான உலகப் பொதுவிதிகளை எழுதும் குழுவில் நானும் ஒருத்தி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கே இந்தத் தொழிலை விளக்க முடியவில்லை. படிவத்தில் சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டத்தை நிரப்பத் தெரியாமல் விழித்த அனைவரும் என் உறவினர்களே, கேளுங்கள்.

எடப்பாடியில் சிக்கல்

பாப்பாத்தியக்கா எடப்பாடியில் விசைத்தறி வைத்து வெளிநாட்டுக்குத் துண்டு அனுப்புகிறவர். கம்ப்யூட்டர் வேலைக்கு மட்டும் சேலத்திலிருந்து நான் போவேன். அன்று அனுப்பிய பில், ‘குடும்பப் பெயர் இல்லை’ என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினோம், மறுபடி வந்தது. மூட்டைகள் லாரியில் ஏறிவிட்டன. பில் போகாமல் வண்டி நகராது. வீட்டுக்காரர் பெயரைப் போட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“தறி ஓட்டறது நானு. அவர எதுக்குச் சாமி உள்ள இழுக்கற?”

திருமதி புள்ளி

வேறு வழியில்லாமல் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தேன். பில் போய்விட்டது, லாரியும் கிளம்பியது. மறுவாரம் துண்டு வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது: ‘மதிப்பிற்குரிய திருமதி புள்ளி அவர்களுக்கு.’ படித்துச் சொன்னதும் அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஏஞ் சாமி, துண்டு வாங்கறாங்களா, கோலம் போடக் கூப்புடறாங்களா?”

குழுவில் ஒரு குரல்

அக்கா பெயர் புள்ளியான கோபத்தோடு குழுவின் வீடியோ கூட்டத்தில் உட்கார்ந்தேன். விதியிலுள்ள ‘கட்டாயம்’ என்ற சொல்லை எடுங்கள், எங்கள் பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது என்றேன். “அப்படிப்பட்டவர்கள் வெகு சிலர்தானே?” என்றார் தலைவர். அப்போது, எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத இந்தோனேசியக்காரர் மைக்கைப் போட்டார்.

“அந்தச் சிலரில் நானும் ஒருவன், ஐயா. நீங்கள் திரையில் பார்ப்பது, என் ஒரே பெயரை நானே இரண்டு முறை அடித்தது.”

ஏற்கப்பட்டது

அதன்பிறகு கை தூக்காத ஆளில்லை. தலைவரும் தூக்கினார். புது விதி நடைமுறைக்கு வந்ததும் அக்காவின் பில்லை அவர் பெயரோடு மட்டும் அனுப்பினேன். ‘பாப்பாத்தி அவர்களுக்கு, பில் ஏற்கப்பட்டது’ என்று திரையில் வந்தது. தறிச் சத்தத்தையும் மீறி அக்கா கை தட்டினார்.

“சீமைக் கம்ப்யூட்டரே என்ற பேரச் சொல்லிருச்சு; இனி எங்க ஊட்டுக்காரரு ‘ஏ புள்ள’ன்னு கூப்புடட்டும், பாத்துக்கறேன்!”

உலகத்தையே திருத்தியதாக நான் பீற்றிக்கொண்டாலும், குழு மொத்தமும் சேர்ந்து செய்தது ‘கட்டாயம்’ என்பதை அடித்துவிட்டு ‘இருந்தால்’ என்று எழுதியதுதான்.