ஞாயிற்றுக்கிழமைப் புழுக்கள்

எங்கள் அம்பிட்டிய வீட்டுக்கு என்னைத் தேடி வருகிற ஒரே ஆள் அண்ணன் முறையில் நான் நானா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரர்தான். அவரும் என்னைத் தேடி வருவதில்லை, மண்புழுவைத் தேடித்தான் வருகிறார் என்பது என் மனைவியின் கட்சி. ஞாயிறு காலையில் பால்மா டின்னோடு வந்து, குசினிக்குப் பின்னால் உள்ள பாத்தியைக் கிளறி, தூண்டிலுக்குப் புழு பொறுக்குவார். மகாவலி ஆற்றில் பிடித்த மீனைவிடத் தப்பிப்போன மீனைப் பற்றியே அதிகம் பேசுவார். நான் "ம்" கொட்டுவேன். யாரோடும் வாய் திறந்து பேச வராத எனக்கு ஒரு கிழமைக்கு அது போதும்.

இதைக் கெடுத்தது ஒரு மூட்டை. மண்ணே தேவையில்லாத செடி வளர்ப்பு என்று கண்டி டவுனில் ஒருவர் விற்றார். டீவிப் பெட்டிக்குள் அடைத்து வரும் ரெஜிபோமை நொறுக்கினாற்போல வெள்ளைக் குருணை, பஞ்சுத் துண்டுகள், கரைத்து ஊற்ற உரத்தூள். "கையில அழுக்கே படாது சேர்" என்றார். என்னை யாராவது "சேர்" என்று கூப்பிட்டால் எதையும் வாங்கிவிடுவேன். பூச்சட்டிக்குப் போடவேண்டியதைப் பாத்தியில் கொட்டிக் கலந்தேன். மிளகாய்க் கன்றுகள் முதலில் கொழுகொழுவென்றுதான் வந்தன.

சில மாதங்களில் புழு குறைந்துகொண்டே வந்து, ஒரு ஞாயிறு நானா கிளறிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"என்ன தம்பி, டீவி வந்த பொட்டியப் பொதச்சி ஈக்கிறீங்களா? புழு ஒண்டையும் காணல்லியே."

"இது புது முறை நானா."

"புழுவுக்கு யாரும் சொல்லல்ல போல."

அதன்பிறகு அவர் புழுவுக்குச் சரிவில் கீழே உள்ள வளவின் மாட்டுக்கொட்டிலுக்குப் போகத் தொடங்கினார். அவர் சிரிப்பு மேலே எங்கள் வீடு வரை கேட்டது.

"பாத்தீங்களா, அந்த மனுசன் வந்தது புழுவுக்குத்தான்" என்றாள் மனைவி. "வேணும்னா பாத்திக்குள்ள போய்ப் படுத்துக்கங்க. வந்து தோண்டுவாரு."

பாத்தியை உற்றுப் பார்த்தேன். முன்பெல்லாம் புழு போட்ட துளைகளால் மண் மழையைக் குடித்துவிடும். இப்போது மேல்மண் இறுகி, தண்ணீர் வெள்ளைக் குருணையை இழுத்துக்கொண்டு பாதைக்கு ஓடியது. உரத்தண்ணீர் காய்ந்த இடங்களில் உப்புப் பூத்திருந்தது. தின்ன ஒரு மக்கிய இலை இல்லை. நான் புழுவாக இருந்தாலும் மாட்டுக்கொட்டிலுக்குத்தான் போயிருப்பேன்.

மனைவியின் அரிதட்டை எடுத்து, அவள் ஏச ஏச, மண்ணைச் சலித்துக் குருணையைப் பொறுக்கினேன். சாணமும் பலா இலையும் போட்டு மூடினேன். புழு வரவில்லை. யாரிடமாவது கேட்டாக வேண்டும். அடுத்த ஞாயிறு மாலை எங்கள் பால்மா டின்னைத் தூக்கிக்கொண்டு முதன்முதலாக நானா வீட்டு கேட்டில் போய் நின்றேன். வழியில் மனப்பாடம் செய்த வசனம் மறந்துபோயிற்று.

"என்ன தம்பி, பால்மா முடிஞ்சா?"

"புழு... மிச்சம் இருந்தா..."

நானா சிரித்த சிரிப்பு எங்கள் குசினி வரை கேட்டிருக்கும். "இண்டைக்கி ஒரு மீனும் தொடல்ல. எல்லாம் உசிரோட ஈக்குது, வாங்க."

அவரே வந்து பாத்தியில் கொட்டி, இலையால் மூடினார். "இது என்ட புழு, வெளங்கினா? அடுத்த கெழம வந்து பாப்பேன்."

"இப்பவும் புழுவப் பாக்கத்தான் வர்றாரு" என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது.

பிளேன்டீ போடச் சொன்னேன், இரண்டு.