வளைவுக்கு ஒரு விளக்கு

குழாய் ரிப்பேர் செய்பவருக்குத் தெருவில் வைத்த பெயர் மைக்செட். நகர்மன்றக் கூட்டம் என்றால் கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவார். முதல் வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்துவார். அவர் வாயை அடைக்கவே பாதிக் கோரிக்கைகளை ஒப்புக்கொண்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு.

இப்போது கூட்டம் போனுக்குள் வந்துவிட்டது. மேசையைத் தட்ட முடியாது, யாரையும் முறைக்க முடியாது. கை தூக்கவும் ஒரு பொத்தான். இதற்குள் எப்படிச் சண்டை போடுவது? அந்த யோசனையிலேயே மண்டை காய்ந்தது மனிதருக்கு.

அன்றைய கூட்டத்தில் பேச்சு, தெருவுக்கு வரப்போகும் ஒரே ஒரு விளக்கைப் பற்றி. கடை முனையிலா, பஸ் நிறுத்தத்து வளைவிலா என்று தெருக்காரர்களே போனில் ஓட்டுப் போட வேண்டும். மாலையில் கூட்டாளிகளோடு அவர் உட்காருவது கடை முனையில். விளக்கு அங்கேதான் வர வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றார். முறை வந்ததும் வெளுத்து வாங்கினார்.

"ஐயா, உங்க மைக் ஆஃப்ல இருக்கு. ஒண்ணுமே கேக்கல" என்றார் அதிகாரி.

பிறகு அதிகாரி, யாரோ எழுதி அனுப்பியதைப் படித்தார். பெயர் இருக்கும் இடத்தில் 'பார்வையாளர்' என்று மட்டும் இருந்தது. "கடை முனையில கடை வெளிச்சமே போதும். வளைவுலதான் கும்மிருட்டு. வேலை முடிஞ்சு வரும்போது தினமும் அங்க ஓடித்தான் வர்றேன்."

கோபத்தைவிட ஆவல்தான் மைக்செட்டுக்கு அதிகமாக வந்தது. தெருவில் அவருக்குத் தெரியாத ஆளா? மைக்கைத் தேடிப்பிடித்து ஆன் செய்தார்.

"யாருங்க அது?"

"யாருங்க அது?" என்று அவர் குரலே சமையலறையிலிருந்து திரும்பி வந்தது.

எழுந்து போனார். தையல் ஆலை வேலைக்குப் போகும் அவர் மனைவி அடுப்படியில் நின்றிருந்தார். உப்பு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் அதே கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே. நீங்க பேசிட்டிருந்தீங்க."

இத்தனை வருஷம் தெருவுக்காகக் கத்தியவருக்கு வீட்டுக்குள் சொன்னது காதில் விழவில்லை. கையிலிருந்த போனில் ஓட்டுப் போடச் சொன்னார்கள். வளைவு என்பதை அழுத்தினார். பிறகு மைக்கைத் தானே அணைத்துவிட்டு, மனைவிக்கு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டார்.

"இப்பச் சொல்லு. ஏன் ஓடுற? யாராவது பின்னால வர்றாங்களா?"